அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய கருவி விளக்கங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு அம்மா பிரஷர் குக்கர் ஒன்றுக்கு ஓடர் கொடுத்து, கார்டில் காசும் கட்டிவிட்டு நான்கு நாளாகக் காத்திருந்தார். ஐந்தாம் நாள் வட்ஸ்அப்பில் "என்ட சாமான் எங்க?" என்று கேட்டார். எங்கள் ஏஐ ஏஜெண்ட் சில நொடிகளிலேயே பதில் அனுப்பியது: உங்கள் ஓடர் நிறைவடைந்துவிட்டது, பொருள் உங்களிடம் சேர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் குக்கர் புறக்கோட்டை ஸ்டோரில், ராக்கையில் இருந்தது. அவர் திரும்பக் கேட்டார். ஏஜெண்ட் திரும்பவும் அதையே சொன்னது. மூன்றாம் தடவை அவர் தொலைபேசியில் அழைத்துவிட்டார். அந்தக் குரலை நானும் கேட்டேன். பொய் சொல்லி ஏமாற்றுகிறோம் என்றே அவர் நினைத்திருந்தார். அப்படி நினைத்ததில் பிழையே இல்லை.

வீட்டு மின்சாதனங்களை ஆன்லைனில் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு நான் மென்பொருள் எழுதுகிறேன். அலுவலகம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில். வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு ஏஜெண்டை வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தபோதுதான் இது நடந்தது.

முதலில் எல்லோருக்கும் வந்த யோசனை, ஏஜெண்டுக்குப் பின்னால் இருக்கும் மொழி மொடலை மாற்றுவோம் என்பது. விலை கூடிய ஒன்றை எடுத்தால் இப்படி நடக்காது என்று கூட்டத்தில் பேச்சு. நான் ஏஜெண்ட் செய்தவை பதிவாகும் லொக்கைத் திறந்து பார்த்தேன். ஏஜெண்ட் எதையும் கற்பனை செய்திருக்கவில்லை. "கெட்_ஓடர்_ஸ்டேட்டஸ்" என்ற கருவியை, அதாவது ஓடர் நிலையைப் பார்த்துச் சொல்லும் எங்கள் சிறு நிரலை, அழைத்திருக்கிறது. அதிலிருந்து "கம்ப்ளீட்டட்" என்ற ஒரே சொல் வந்திருக்கிறது. அதை நம்பிப் பதில் எழுதியிருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளையிடம் அந்தத் திரையை மட்டும் காட்டியிருந்தால் அந்தப் பிள்ளையும் இதையேதான் சொல்லியிருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மொடலுக்கு நம்முடைய கோட் தெரியாது, டேட்டாபேஸ் தெரியாது. கருவியின் பெயர், அதற்கு நாம் எழுதிய விளக்கம், அதற்கு என்னென்ன தகவல் கொடுக்க வேண்டும் என்று ஜேசன் என்ற வடிவில் எழுதிய பட்டியல், இவ்வளவுதான் அதன் கண்ணில் படுகிறது. அதைப் படித்துவிட்டு "இந்தக் கருவியை இந்தத் தகவலோடு ஓட்டு" என்று மொடல் எழுதித் தருகிறது. ஓட்டுவது நம் நிரல். 2023 ஜூனில் ஓபன்ஏஐ, மொடல் கருவியை அழைக்கும் வசதியான ஃபங்ஷன் கோலிங்கைக் கொண்டுவந்தபோதும், 2024 நவம்பரில் அந்த்ரோபிக், கருவிகளை மொடலோடு இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபியை வெளியிட்டபோதும் இந்த அடிப்படை ஒன்றுதான். ஆகவே அந்த விளக்கத்தில் இல்லாத விடயம் ஏஜெண்டுக்கு உலகத்திலேயே இல்லாத விடயம்.

எங்கள் பட்டியலில் 14 கருவிகள் இருந்தன. ஏபிஐயில், அதாவது மற்ற நிரல்கள் எங்கள் சேர்வரிடம் தகவல் கேட்கும் வாசலில், இருந்த ஒவ்வொரு முகவரிக்கும் ஒன்று என்று தானாகவே உருவாக்கப்பட்டவை. விளக்கங்கள் இப்படி: "ஓடர் விவரங்களைப் பெறும்." "ஓடர் நிலையைப் பெறும்." "டிராக்கிங் தகவலைப் பெறும்." "ஓடர் தேடல்." இவற்றில் எதை எப்போது எடுப்பது என்று என்னைக் கேட்டாலே கோடைத் திறந்து பார்த்துத்தான் சொல்வேன். ஒற்றை வரியோடு நிறுத்தியதற்குக் காரணமும் இருந்தது: விளக்கங்கள் ஒவ்வொரு முறையும் உரையாடலோடு சேர்ந்து மொடலுக்குப் போகின்றன, டோக்கன் (மொடல் உரையை எண்ணும் சிறு துண்டு) செலவாகும். ஆனால் ஒரு பிழையான பதிலுக்குப் பிறகு வரும் மூன்று செய்திகளும் ஒரு தொலைபேசி அழைப்பும் அதைவிடக் கூடின செலவு.

சரி, எழுதுவோம் என்று உட்கார்ந்தபோது எனக்கே தெரியவில்லை, "கம்ப்ளீட்டட்" என்றால் என்ன என்று. வாடிக்கையாளர் தொலைபேசியைப் பதினொரு வருடமாகப் பார்க்கும் அக்கா ஒருவர் எங்களிடம் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையிலேயே குடியிருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "தம்பி, அது பில் முடிஞ்சதெண்டு. சாமான் போய்ச் சேர்ந்ததெண்டு அர்த்தமில்லை. புதுசா வாற பிள்ளையளுக்கு முதல் நாளே நான் சொல்லிக் குடுக்கிறது இதைத்தானே."

ஏஜெண்டும் புதிதாக வந்த பிள்ளைதான். அதற்கு முதல் நாள் பாடத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டேன். என்னைப் புதிதாகச் சேர்ந்தவனாக நினைத்து வேலை பழக்குங்கள் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதினேன். மாலையில் படித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அவர் சொன்னவற்றில் பாதிக்கு மேல் "இதைப் பார்த்து அதைச் சொல்லிப்போடாதே" என்ற வகை. இந்தத் திரை எதைக் காட்டாது, இந்த இலக்கத்தை எங்கே போடக் கூடாது, எந்தக் கேள்விக்கு வேறு திரைக்குப் போக வேண்டும். நாங்கள் எழுதியிருந்த விளக்கங்களில் அப்படி ஒரு வரிகூட இல்லை. கருவி என்ன செய்யும் என்று மட்டும் இருந்தது.

முதலில் அந்த நிலைக் கருவியை எடுத்தேன். பெயரை "கெட்_பில்_ஸ்டேட்டஸ்" என்று மாற்றினேன். விளக்கம் இப்படி வந்தது, கோடில் ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்:

"ஒரு ஓடரின் பில் நிலையைத் தரும்: காசு கட்டப்பட்டதா, பில் முடிக்கப்பட்டதா. காசு கட்டியது பதிவாகிவிட்டதா என்று வாடிக்கையாளர் கேட்கும்போதும், பில் பிரதி கேட்கும்போதும் பயன்படுத்து. பொருள் எங்கே இருக்கிறது என்பது இதில் தெரியாது. பொருள் எங்கே, எப்போது வரும் என்று கேட்டால் கெட்_பார்சல் கருவியைப் பயன்படுத்து."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூல காரணம் திரும்பி வரும் அந்தச் சொல். விளக்கத்தில் ஒரு பொருளும் விடையில் வேறு பொருளும் தொனித்தால் மொடல் சில நேரம் விடையின் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் கருவி திருப்பித் தருவதையும் மாற்றினேன். "கம்ப்ளீட்டட்" போய், "பில் முடிந்தது, பொருள் இருக்கும் இடம் இதில் இல்லை" என்று வருகிறது. விடையும் விளக்கத்தின் ஒரு பகுதிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பார்சல் கருவியில் அக்கா இன்னொரு விடயம் சொன்னார். கூரியர்காரர் "டெலிவர்ட்" என்று போட்டாலும் பொருள் வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும் என்றில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் கீழே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வரவில்லை என்று யாராவது சொன்னால் அக்கா முதலில் கேட்பது, "கீழே செக்யூரிட்டியிட்ட கேட்டுப் பார்த்தனீங்களோ?" அந்த ஒரு கேள்வியிலேயே பல அழைப்புகள் முடிந்துவிடும். இதை ஒரு புரோகிராமர் தன் மேசையில் இருந்தபடி எப்படி எழுதியிருக்க முடியும்? விளக்கத்தில் சேர்த்தேன்: "டெலிவர்ட் என்பது கூரியர் கையளித்ததாகப் பதிந்த நிலை. வாடிக்கையாளர் கிடைக்கவில்லை என்றால் அவரை மறுத்துப் பேசாதே. காவலாளி, அயல் வீடு, வீட்டில் வேறு யாராவது வாங்கினார்களா என்று கேள். அதன் பிறகும் இல்லை என்றால் முறைப்பாடு பதி."

அப்புறம் இலக்கங்கள். இதில்தான் அதிக நேரம் போனது.

பழைய தேடல் கருவிக்கு "ஐடி" என்று ஒரே ஒரு தகவல் பெட்டி. அதன் விளக்கம்: "ஐடி". எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இலக்கம் அனுப்பினால் அது எதுவாகவும் இருக்கலாம். எங்கள் ஓடர் எண் 6 இலக்கம். கைத்தொலைபேசி 0இல் தொடங்கி 10 இலக்கம்; அதையே +94 போட்டு முன்னால் உள்ள 0ஐ விட்டும் அனுப்புவார்கள். தவணைக்கு வாங்கியவர்கள் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை அனுப்புவார்கள்: பழையது என்றால் 9 இலக்கத்தோடு வி அல்லது எக்ஸ் எழுத்து, புதியது என்றால் 12 இலக்கம். இதற்கு மேல் கூரியர் சீட்டில் உள்ள எண் வேறு. ஏஜெண்ட் எல்லாவற்றையும் அந்த ஒரே பெட்டிக்குள் போட்டு, "அப்படி ஓர் ஓடர் இல்லை" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பெட்டியை மூன்றாகப் பிரித்தேன்: ஓடர்_எண், தொலைபேசி_எண், கூரியர்_எண். ஒவ்வொன்றுக்கும் எத்தனை இலக்கம், எதில் தொடங்கும் என்று எழுதினேன். அடையாள அட்டை இலக்கத்துக்குப் பெட்டியே வைக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, தேவையில்லாத இடத்தில் அதை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே சரி. அந்த இலக்கம் வந்தால் தேடலுக்குப் பயன்படுத்தாமல், ஓடர் எண்ணையோ தொலைபேசி எண்ணையோ கேட்கும்படி எழுதினேன்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு பிழையையும் பதிந்து வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும். விளக்கத்தில் எடுத்துக்காட்டு கொடுத்தால் நல்லது என்று ஒரு நிஜ ஓடர் எண்ணைப் போல ஒன்றை எழுதியிருந்தேன். அன்று மாலை சோதனையில், எண் எதுவும் சொல்லாத ஒருவருக்கு ஏஜெண்ட் என் எடுத்துக்காட்டு எண்ணையே எடுத்துத் தேடியது. அந்த எண்ணில் உண்மையிலேயே ஓர் ஓடர் இருந்திருந்தால் ஒருவருடைய விவரம் இன்னொருவருக்குப் போயிருக்கும். சோதனை என்றாலும் கை கால் குளிர்ந்துவிட்டது. எடுத்துக்காட்டை எடுத்துவிட்டு, "6 இலக்கம், எழுத்து இல்லை. வாடிக்கையாளர் இந்த உரையாடலில் சொன்ன எண்ணை மட்டும் போடு, சொல்லவில்லை என்றால் கேள்" என்று எழுதினேன். அதோடு விடவில்லை. உரையாடல் எந்தத் தொலைபேசியிலிருந்து வருகிறதோ அந்தத் தொலைபேசியின் ஓடர்களைத் தவிர வேறு எதையும் சேர்வர் திருப்பித் தராதபடி கோடிலும் பூட்டுப் போட்டேன்.

இதில் எனக்கு ஒரு நிலைப்பாடு உறுதியாகிவிட்டது. கோடால் முடிகிற காரியத்தை விளக்கத்தின் தலையில் போடக் கூடாது. +94ஐ 0ஆக மாற்றுங்கள் என்று மொடலிடம் மூன்று வரி கெஞ்சுவதைவிட, எந்த வடிவில் வந்தாலும் சரிசெய்யும் நாலு வரிக் கோட் நல்லது. திகதியும் அப்படித்தான். எங்கள் சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் பதிகிறது. கொழும்பு அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 5ஆம் திகதி அதிகாலை 3 மணிக்குக் கொடுத்த ஓடர், பதிவில் 4ஆம் திகதி இரவு 9.30. வாடிக்கையாளர் "5ஆம் திகதி போட்டது" என்றால் ஏஜெண்ட் இல்லை என்கிறது. முதலில் இதை விளக்கத்தில் எழுதினேன். சில நேரம் மொடல் ஐந்தரையைக் கூட்டும், சில நேரம் கழிக்கும். பிறகு கருவியே கொழும்புத் திகதியை வாங்கிக் கொழும்புத் திகதியைத் தரும்படி மாற்றினேன். விளக்கத்தில் மிஞ்சியது ஒரு வரி: "எல்லாத் திகதியும் கொழும்பு நேரம்."

ஓடரை ரத்துச் செய்யும் கருவிக்கும் இதே நியாயம்தான். "வாடிக்கையாளர் உறுதிப்படுத்திய பிறகு மட்டும் பயன்படுத்து" என்ற வரி இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் திருப்ப முடியாத ஒரு செயலுக்கு வெறும் வரியை நம்பக் கூடாது. முதல் அழைப்பில் எதுவும் ரத்தாகாது, பொருளின் பெயரும் விலையும் மட்டும் வரும். வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் உறுதி பட்டனை அழுத்தினால்தான் இரண்டாவது அழைப்பு வேலை செய்யும்.

காசு திருப்பும் கருவியில் வேறு விதமான குழப்பம். எங்கள் ஓடர்களில் பெரும்பாலானவை பொருள் வந்த பிறகு கையில் காசு கொடுப்பவை. அப்படி ஒருவர் "வேண்டாம், கென்சல் பண்ணுங்க" என்றால் திருப்பிக் கொடுக்கக் காசே வாங்கவில்லை. ஏஜெண்டோ ரிஃபண்ட் கருவியை அழைத்து, "3 நாளில் உங்கள் பணம் வந்து சேரும்" என்று வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கை நம்பி ஒருவர் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். ரத்து, பொருளைத் திருப்பிக் கொடுத்தல், காசு திருப்புதல் மூன்றும் வேறு வேறு என்று ஒவ்வொரு கருவியின் விளக்கத்திலும் மற்ற இரண்டையும் பெயர் சொல்லி எழுதினேன். பக்கத்துக் கருவியைப் பெயர் சொல்லிக் காட்டுவது இப்படிப் பின்னிக் கிடக்கும் இடங்களில் நன்றாக வேலை செய்கிறது.

பிழைச் செய்திகளையும் சேர்த்தே மாற்றினேன். முன்பு எண் பிழை என்றால், கிடைக்கவில்லை என்பதற்கான "404" என்ற குறி மட்டும் வரும். இப்போது: "இந்த எண்ணில் ஓடர் இல்லை. எண்ணை மீண்டும் சரிபார்க்கச் சொல், அல்லது தொலைபேசி எண்ணால் தேடு. ஓடரே இல்லை என்று வாடிக்கையாளரிடம் முடிவாகச் சொல்லாதே."

விளக்கங்களை எந்த மொழியில் எழுதுவது என்று ஒரு விவாதமும் நடந்தது. தமிழில் எழுதிப் பார்த்தேன், மொடல் விளங்கிக்கொண்டது. ஆனால் எங்கள் குழுவில் தமிழ் படிக்காத சிங்கள நண்பர்கள் இருக்கிறார்கள், நாளை அவர்கள்தான் திருத்துவார்கள். தமிழ் எழுத்துக்கு டோக்கனும் கூடப் போகிறது. அதனால் ஆங்கிலமே. ஆனால் வாடிக்கையாளர் பேசும் விதத்தை உள்ளே வைத்தேன். "சாமான் இன்னும் வரேல்ல", "மகே பார்சல் எக கோ" (சிங்களத்தில் "என்ட பார்சல் எங்க") போன்றவற்றை அவர்கள் தட்டும் ஆங்கில எழுத்திலேயே பார்சல் கருவியில் சேர்த்தோம். அக்காதான் அந்த வாசகங்களைத் தேர்ந்தெடுத்தார். சிங்களத்தில் அவர் கதைக்கும் வேகத்தைக் கேட்டால் யாழ்ப்பாணத்துக்காரர் என்று நம்ப மாட்டீர்கள்.

ஒரு கட்டத்தில் விளக்கங்கள் நீண்டுகொண்டே போயின. பார்சல் கருவி ஒன்றே ஒரு பக்கம். எப்படி மன்னிப்புக் கேட்பது, எப்படி வணக்கம் சொல்வது எல்லாம் அதற்குள் புகுந்துவிட்டது. சோதித்தால் முக்கியமான வரியையே ஏஜெண்ட் தவறவிட்டது. பேசும் முறை எல்லாவற்றையும் பொதுவான அறிவுறுத்தலுக்கு மாற்றினேன். விளக்கத்தில் அந்தக் கருவியின் சொந்த விடயம் மட்டும்: எதற்கு, எப்போது, எப்போது கூடாது, விடையை எப்படிப் படிப்பது. நாலைந்து வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டது. மூன்று தேடல் கருவிகளை ஒன்றாக்கி, யாரும் கேட்காதவற்றை நீக்கியதில் 14 கருவிகள் 8 ஆகின.

சோதனைக்குப் பழைய உரையாடல்களில் நாற்பதை எடுத்தோம். பெயர், தொலைபேசி, முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் சரியான கருவி எது என்று அக்கா பக்கத்தில் எழுதித் தந்தார். ஒரு சொல்லை மாற்றினாலும் நாற்பதையும் திரும்ப ஓட்டினோம். ஓரிடத்தைத் திருத்தினால் இன்னோரிடம் கெடுகிறது என்பதை அப்படித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. பார்சல் கருவியைத் தெளிவாக்கிய பிறகு "உத்தரவாத அட்டை எங்கே" என்ற கேள்வியும் அதற்குள் போய் விழுந்தது, "எங்கே" என்ற சொல்லால். உத்தரவாதக் கருவியில் ஒரு வரி சேர்த்த பின்தான் சரிவந்தது.

கடைசிச் சுற்றில் மூன்று இன்னும் பிழை. ஒன்று, குரல் பதிவாக வந்த கேள்வி. அதை எழுத்தாக்குவதிலேயே சிக்கல். இரண்டாவது போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை. "நாளைக்கு வருமா?" என்று ஒருவர் கேட்டார், நாளை போயா, கூரியர் ஓடாது. விநியோக நாளைக் கணக்கிடும் இடத்தில் ஞாயிறையும் போயாவையும் அரசு விடுமுறைகளையும் சேர்த்து, அதைக் கோடிலேயே முடித்துவிட்டேன்.

மூன்றாவது, பொருளைத் திருப்பிக் கொடுப்பது. "7 நாளுக்குள் திருப்பலாம்" என்று கருவியில் எழுதப் போனபோது அக்கா பேனையை வாங்கிக்கொண்டு, "எந்த நாளிலயிருந்து தம்பி?" என்று கேட்டார். விற்பனைப் பகுதியில் கேட்டேன், பில் போட்ட நாளிலிருந்து என்றார்கள். ஸ்டோரில் கேட்டேன், பொருள் கையில் கிடைத்த நாளிலிருந்து என்றார்கள். மட்டக்களப்புக்குப் போகும் ஒரு பார்சலுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே நாலு நாள் வித்தியாசம் வரலாம். நிறுவனத்துக்கே ஒரு முடிவு இல்லாத விடயத்தை நான் எவ்வளவு தெளிவான வாக்கியத்தில் எழுதினாலும் யாரோ ஒருவருக்கு அது பொய்யாகும்.

திங்கட்கிழமை கூடிப் பேசி எழுத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்தக் கருவியை ஏஜெண்டின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கும் கேள்விகள் எல்லாம் நேரே அக்காவின் மேசைக்குப் போகின்றன.